நிறுத்தம் இல்லாத ப்ளேயர்

"வார்னிங் எத்தனை வேணும்னாலும் வந்துட்டுப் போகட்டும்க்கா. எர்ரர் வந்தா மட்டும் நாற்காலி போட்டறாதீங்க."

காங்கேயம் போகும் பஸ்ஸில், மடியில் கீரைக்கட்டோடு முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்துப் பெண்ணிடம் இதைச் சொன்னாள்.

"போட்டாச்சே. அதுதான் பதினஞ்சு நாளா எங்கூட்டுக்காரர் கீழ உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கறாரு," என்றாள் மற்றவள்.

பின்சீட்டில் இருந்த தாரணிக்கு அது காதில் விழுந்தது. காதில் விழுவதையெல்லாம் அவள் பத்திரமாக வைத்துக்கொள்வாள். யாரிடமும் திருப்பிச் சொல்வதில்லை. சொல்வதற்கு அவளிடம் குரல் இல்லை. குரல் போனில் இருந்தது.

கல்லூரி இரண்டாம் ஆண்டில், ஒரு செமினாருக்கு முந்தின நாள், அவள் தன் குரலை ஒரு கோப்பாக மாற்றிப் போனில் போட்டுக்கொண்டாள். தொண்டையில் வைத்து வீணாக்குவதற்கு இது மேல் என்று பட்டது. அந்த ஊரில் அப்படி வைத்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் தபால்காரர். அதன்பின் ஆறு வருடங்களுக்குத் தலையாட்டலும் லேசான சிரிப்பும் வாட்ஸ்அப்பும் அவளுக்குப் போதுமானதாக இருந்தன. வேலையும் அதற்குத் தோதாக அமைந்தது. வீட்டின் மேற்கு அறையில் உட்கார்ந்து, படங்களில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு, திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைத் தட்டச்சு செய்து அனுப்புவாள். அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை மரம் உண்டு. மேஜையை இரண்டடி தள்ளிப் போட்டால் மரம் தெரியாது என்பதால் ஆறு வருடமாக மேஜை அதே இடத்தில் இருந்தது.

இப்போது குரல் தேவைப்பட்டது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள்.

அப்பா உயிரோடு இருந்தபோதே வீட்டை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதிவைத்திருந்தார். தாரணி தன் பாதியை அண்ணன் பூபதிக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித்தருவது என்று முடிவாகியிருந்தது. முடிவு செய்தது இன்னார் என்று சொல்ல முடியாது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தபோது அது முடிவாகி இருந்தது. பூபதி மாடி எடுக்கப்போகிறான். மாடிக்குப் படி வேண்டும். படி, மேற்கு அறை இருக்கும் இடத்தில் வரும்.

"இது எப்பவும் உன்ற வீடுதான் பாப்பா," என்றான் பூபதி. "படியில எப்ப வேணும்னாலும் ஏறலாம், எறங்கலாம்."

தாரணி தலையாட்டினாள். அது சரி என்கிற ஆட்டலா, கேட்டுக்கொண்டேன் என்கிற ஆட்டலா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பத்திரத்தில் ரேகை வைக்க விரல் போதும். சம்மதத்தை மட்டும் சொந்தக் குரலில் சொல்ல வேண்டும், சார்பதிவாளர் காதால் கேட்க வேண்டும் என்பது விதி. கோப்பில் என்ன பதில் இருக்கிறது என்று தாரணிக்கே தெரியாது. கோப்பாக்கிய குரல் தன்னிஷ்டத்துக்கு வளரும். அவள் சொல்லாமல் விடுகிற ஒவ்வொன்றும் அதற்குள் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஆப் ஸ்டோரில் இறக்கிக்கொள்ளும் ப்ளேயர்கள் பாட்டையும் படத்தையும்தான் திறக்கும். மனிதக் குரலைத் திறப்பது ஒரே ஒரு ப்ளேயர். அதை யாரும் விற்பதில்லை. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதி, அதன் மூல நிரலான சோர்ஸ் கோடை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். எடுத்தவர் அதைத் தன் வீட்டிலேயே கம்பைல் செய்து ஆப்பாக்கிக்கொள்ள வேண்டும். இட்லியை ஓட்டலில் வாங்காமல் அரிசி வாங்கி அரைத்துச் சுடுவதைப் போலத்தான். பூபதி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தான். அதனால் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை சாப்பாடு முடிந்ததும் கூடத்து மேஜையில் லேப்டாப்பை வைத்துக் கம்பைலை ஆரம்பித்தான். ப்ளேயரோடு வந்த குறிப்பில் சொன்னபடி வாசல்கதவைத் திறந்து வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வார்னிங்குகள் வரத் தொடங்கின.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். மேஜைக்கு எதிரே நின்றபடி சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். "எழுபத்திரண்டாம் வரி. இந்த வழக்கம் பழசாகிவிட்டது, அடுத்த பதிப்பில் இருக்காது," என்றார் ஒருவர். "இருநூற்றுப் பத்தாம் வரி. பெரிய பாத்திரத்தில் இருப்பதைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றுகிறீர்கள், கொஞ்சம் சிந்தலாம்," என்றார் இன்னொருவர். பூபதி தலை நிமிராமல், "சரிங்க, சரிங்க," என்றான். சொன்னவர்கள் திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இப்படி வந்து போனார்கள்.

நடுவில் ஒல்லியான ஒருவர் வந்து, "ஐந்நூற்று நான்காம் வரி. இந்தப் பெயரை அறிவித்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு முறைகூட அழைக்கவில்லை," என்றார். சமையலறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா ருக்மணி கையை நிறுத்திவிட்டு அவர் வெளியே போகும் வரை பார்த்தாள்.

நாலு மணிக்கு கம்பைல் பாதியில் நின்றது. எர்ரர் வந்தாள்.

ஐம்பது வயதிருக்கும். வெளிர்நீலச் சேலை, தோளில் பை, கையில் மடக்குக் குடை. மற்றவர்களைப் போலவே அவளும் நின்றுகொண்டுதான் பேச ஆரம்பித்தாள்.

"ஆயிரத்து எண்ணூற்று நாற்பதாவது வரி."

"அட, வெயில்ல வந்திருக்கறீங்க. நின்னுட்டே பேசறீங்களே," என்று அம்மா எழுந்தாள்.

தாரணிக்கு பஸ்ஸில் கேட்டது ஞாபகம் வந்தது. போனில், "அம்மா, நாற்காலி போடாதே," என்று எழுதி அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். அம்மாவின் மூக்குக்கண்ணாடி அலமாரியில் இருந்தது. "அப்பறம் பாக்கறேன் சாமி," என்று போனை விலக்கிவிட்டு அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். முந்தானையால் ஒரு தட்டுத் தட்டித் துடைத்தும் விட்டாள். எர்ரர் உட்கார்ந்தாள்.

"காபி சாப்பிடறீங்களா?"

"சர்க்கரை கம்மியா."

காபியைக் குடித்து முடித்தபின் அவள் விஷயத்துக்கு வந்தாள். "அந்த வரியில 'நிறுத்து'ன்னு ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கீங்க. அப்படி யாரும் இங்க இல்லை."

பூபதி அன்று சாயங்காலம் முழுக்கத் தேடினான். நிறுத்து என்பது ப்ளேயரில் ஓடுவதை நடுவில் நிறுத்துகிறவர். அவரைப் பதினோரு இடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அவர் யார், என்ன செய்வார் என்று எந்தக் கோப்பிலும் எழுதியிருக்கவில்லை. ப்ளேயரை எழுதியவர்களில் மூத்தவருக்கு பூபதி கடிதம் அனுப்பினான். புதன்கிழமை காலையில் பதில் வந்தது. "எங்கள் வீட்டில் அவர் இருக்கிறார்," என்று ஒரே வரி.

எர்ரர் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்த வீட்டில் நாற்காலிகள் நான்கு. இப்போது மூன்று என்று வைத்துக்கொண்டார்கள்.

"ஏனுங்க, கூட்டறதுக்காகவாவது கொஞ்சம் எந்திரிக்கறீங்களா?" என்று பூபதி கேட்டான்.

"வரி சரியானதும் எழுந்துக்கறேன் தம்பி."

அம்மா அவள் காலைச் சுற்றிக் கூட்டினாள். மத்தியானம் இருவரும் சீரியல் பார்த்தார்கள். கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டம் செருப்பில்லாமல் நின்றிருந்தது. அதைக் காட்டி அம்மா, "அவங்கெல்லாம் உங்க ஆளுங்களா?" என்றாள்.

"என்னால வந்தவங்க. நாற்பது பேர். நான் உட்கார்ந்தா அவங்க நிப்பாங்க. நான் கிளம்பினா அவங்களும் போயிடுவாங்க."

"உள்ள வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். அத்தனை நாற்காலி உங்ககிட்ட இல்லை."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா போனபின் அந்தக் கூடத்தில் அவள் சத்தமாகச் சிரித்து தாரணி கேட்டதில்லை. தாரணி மேற்கு அறையில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கதவு இடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க," என்றாள் அம்மா கொஞ்சம் பொறுத்து. "ஊருக்கெல்லாம் வேலை நிக்குதுன்னு தெரிஞ்சும் இப்படி உக்காந்திருக்க உங்களுக்குக் கூச்சமா இல்லைங்களா?"

"ஆரம்பத்துல இருந்தது. முதல் தடவை நானும் நின்னுட்டுத்தான் சொன்னேன். சரிங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நின்னுட்டுச் சொன்னா யாரும் வரியைப் பார்க்கறதில்லைங்க."

டி.வி.யில் யாரோ யாரையோ வீட்டை விட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் பூபதி ஒரு முடிவுக்கு வந்தான். "ஒரு வார்த்தைக்கு எதுக்கு நிறுத்து?" என்றான். "சம்மதம்னு சொன்னா அதுவே நின்னுரும். பாட்டா கேக்கப்போறோம்?" 'நிறுத்து'வைக் கூப்பிட்ட பதினோரு இடத்தையும் அழித்தான். திரும்ப கம்பைல் போட்டான்.

எர்ரர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அம்மா வாசல்வரை போய், குங்குமம் கொடுத்து வழியனுப்பினாள். நாற்பது பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் தெருமுனை திரும்பினார்கள். நாற்காலி அன்று பூராவும் சூடாக இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை.

ஆப் தாரணியின் போனில் வந்து உட்கார்ந்தது. திரையில் ஒரு முக்கோணம் மட்டும் இருந்தது.

"இப்பவே அமுக்கிப் பாக்கலாமா பாப்பா?" என்று கேட்டுவிட்டு பூபதியே சொன்னான், "வேண்டாம். நாளைக்கு அங்க புதுசா வரட்டும்."

அன்று பொழுது சாயும் முன் கொத்தனார் வந்து மேற்கு அறையை அளந்தார். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி தாரணியிடம் கொடுத்தார். அவள் பிடித்துக்கொண்டாள். முருங்கை மரம் எடுக்க வேண்டி வரும் என்று கொத்தனார் பூபதியிடம் சொன்னார். தாரணியின் போன் மேஜைமேல் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. கோப்பு இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பன்னிரண்டுக்கு முடிகிறது என்று பன்னிரண்டு இருபதுக்கு டோக்கன் வாங்கியிருந்தார்கள். சார்பதிவாளர் மேஜைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அது பத்திரம் யார் பேருக்கு ஆகிறதோ அவருக்கு. எழுதிக்கொடுப்பவர் நிற்க வேண்டும். பூபதி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கூப்பிட்டதும் உட்காரலாம் என்று காத்திருந்தான். சாட்சிக்கு அவன் கடைப் பக்கத்து நண்பர்கள் இருவர் வந்திருந்தார்கள். அம்மா மஞ்சள்பையோடு தூண் ஓரமாக நின்றாள்.

சார்பதிவாளர் பத்திரத்தைப் படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தாரணிங்கறது நீங்கதானேம்மா? உங்க பாகத்தை அண்ணனுக்கு விட்டுத்தரச் சம்மதமா? குரல்ல சொல்லணும்."

தாரணி போனை மேஜைமேல் வைத்து முக்கோணத்தை அமுக்கினாள்.

"நாளைக்கு செமினார்ல என்னை முதல்ல பேசச் சொல்லாதீங்க சார்," என்றது குரல். பத்தொன்பது வயதுக் குரல். "பத்மாவைக் கூப்பிடுங்க. நான் அஞ்சாவதா வர்றேன்."

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அண்ணா, நீங்க மிதிக்கறது என்ற காலு," என்றது குரல். பிறகு, "எனக்கு இன்னொரு தோசை வேணும்மா." பிறகு, "அந்தப் பச்சைக் கலர் எனக்குப் பிடிக்கல. நீங்க எடுத்துட்டீங்கன்னு கட்டிக்கறேன்." சாட்சி இருவரில் ஒருவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து நின்றார்.

"இது பதிலாம்மா?" என்றார் சார்பதிவாளர்.

"இல்லைங் சார், பழசு ஓடுது. கொஞ்சம் தள்ளிவிட்டா வந்துரும்," என்று பூபதி போனை எடுத்தான். தள்ளுவதற்கு முதலில் நிறுத்த வேண்டும். திரையின் அடியில் மீதி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நாலு நாள், பதினோரு மணி நேரம். அவன் போனைத் திருப்பிப் பார்த்தான், ஓரத்துப் பட்டன்களை அமுக்கினான், சட்டையால் பொத்தினான். குரல் சட்டைக்குள்ளிருந்து வந்தது. அவன் போனை மறுபடி மேஜைமேல் வைத்தான்.

"பரவாயில்லை, வரட்டும்," என்றார் சார்பதிவாளர். "முழுசாக் கேட்டாத்தான் நான் எழுத முடியும். அடுத்த டோக்கன் புதன்கிழமைக்கு வாங்கிக்கங்க."

"ஒரே வார்த்தைங் சார். அவளுக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்லைங்க. பாப்பா, நீ தலையையாவது ஆட்டு."

தாரணி தலையாட்டவில்லை. பூபதி போனைப் பொத்துவதற்காகக் கையெடுத்திருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பாப்பா. அது எனக்குப் போட்டது. எந்திரி."

"மேற்கு ரூம்ல ஆணி அடிக்காதீங்கண்ணா," என்றது குரல். "அந்தச் சுவர்ல வெயில் விழும். அதை நான் பார்ப்பேன்."

"எந்திரி பாப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

தாரணி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். காது மட்டும் சிவந்திருந்தது. பூபதி அம்மா பக்கம் திரும்பினான். "நீயாச்சும் சொல்லும்மா. நீ சொன்னா எந்திரிப்பா."

அம்மா மஞ்சள்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மகளைப் பார்த்தாள். பிறகு படியிறங்கி வெளியே போனாள். அலுவலக வாசலில் நாற்பது பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்கள். அவர்கள் அம்மாவுக்கு வழிவிட்டார்கள். அவள் தெருவைத் தாண்டி எதிர்க்கடையில் ஒரு காபி வாங்கி, ஆறாமல் இருக்க மேலே ஒரு காகிதத்தால் மூடி, மறுபடி அவர்களுக்கு நடுவே ஏறிவந்து மகள் கையில் கொடுத்தாள். சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லியிருந்தாள்.