படர்தாமரை கிளம்பிப்போன கதை

ரொட்டிக்காரர் காலிச் சீசாவை மோந்து பார்த்ததும், அவருடைய இரண்டு மணிக்கட்டிலும் இருந்த படர்தாமரை வளையல் மாதிரி கழன்று விழுந்து, ஹோமியோபதி டாக்டரின் அறையைக் கடந்து தெருவோடு உருண்டு போயிற்று. டாக்டர் ஆச்சரியப்படவில்லை. மருந்து குறையக் குறைய வீரியம் ஏறும் என்பது அவர் கட்சி. அன்று மருந்து உருண்டை தீர்ந்துபோயிருந்தது; ஒன்றுமே இல்லாத சீசாவைவிட வீரியமானது எது என்று மூடியைத் திறந்து நீட்டிவிட்டார். அதற்கு முன், இடி என்றால் பயமா, எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவீர்கள், மாமனாரை நினைத்தால் எங்கே அரிக்கிறது என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டிருந்தார்.

ரொட்டிக்காரருக்கு அது பிழைப்புப் பிரச்சினை. மாவு பிசைகிற கையில் வட்டம் வட்டமாகப் படை இருந்தால் யார் வாங்குவார்கள்? வாடிக்கைக்காரர்கள் ரொட்டியைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள், வயிறு சரியில்லை என்று நழுவுவார்கள். சுத்தமான கையோடு வந்தவரை மனைவி ஜன்னலோரம் நிறுத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்து அழுதேவிட்டாள். அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரைக்கும்தான். படர்தாமரை தனியாகப் போகவில்லை, சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. குளியலறைச் சுவரின் பூசணம் போயிற்று, கொல்லைக் காளான் போயிற்று, மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்டும் பின்னாலேயே போயிற்று. ஈஸ்டும் பூஞ்சை இனம்தான் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அடுப்பிலிருந்து செங்கல்தான் வந்தது. புது ஈஸ்ட் வாங்கினால், அது பொட்டலத்தோடு கடை வாசலிலேயே இறங்கி நடந்தது. மனுஷன் பாவம், கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினார்.

அரிப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று வந்து நின்ற நோயாளியை டாக்டர் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் சாஸ்திரம் கைவிடவில்லை. மருந்தைக் குறைத்தால் வீரியம் ஏறுகிறது என்றால், இறக்குவதற்குக் கூட்ட வேண்டியதுதானே. ரொட்டிக்காரர் மாதக்கணக்கில் சர்க்கரை உருண்டைகளைக் கிண்ணம் கிண்ணமாகத் தின்றார். கடைவாய்ப் பற்கள் சொத்தையாயின. பிறகு ஒரு மத்தியானம், கொஞ்சம் இளைத்துப்போன படர்தாமரை தெருவோடு உருண்டு வந்து வாசல் மிதியடியில் நின்றது. மனைவிதான் கதவைத் திறந்தாள்.

"வந்துட்டியா? உள்ள வா. உனக்காகத்தான் மாவு காத்துக்கிட்டு கெடக்கு," என்றாள்.

அவர் கையை நீட்டிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் மாவு பொங்கி அண்டாவின் மூடியைத் தள்ளியது. அவர் சொறிந்துகொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போதும் வாடிக்கைக்காரர்கள் முதலில் அவர் கையைத்தான் பார்க்கிறார்கள். "இன்னைக்கு நல்லா அரிக்குதாண்ணே?" என்று கேட்கிறார்கள். அரிக்கிறது என்றால் இரண்டிரண்டாக வாங்கிக்கொண்டு போகிறார்கள்.