கை நுழையாத பெட்டி

ஐஸ் பெட்டிக்காரர் கையில் பிளக்கைப் பிடித்துக்கொண்டு கூடத்துச் சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார். பெரிய பிளக் பாயின்ட் எங்கே என்று கேட்டார். அந்த வீட்டில் இருந்ததே ஒன்றுதான். அதில் முத்துக்குமரனின் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் அவன் மனைவி ரோகிணி உட்கார்ந்திருந்தாள்.

செருப்பு டப்பாவை நிமிர்த்தி வைத்த மாதிரி ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கேபினட். காளவாசலில் இருக்கும் தன் கம்ப்யூட்டர் கடையில் விற்கலாமா என்று பார்க்க, சாம்பிளாக வாங்கி வந்திருந்தான். நேற்று முழுக்க அதற்குள்தான் தலையை விட்டுக் கிடந்தான். ஒயர் ஓட இடமில்லை, போர்டுக்குப் பின்னால் விரல்கூடப் போகாது, செய்தவன் தகட்டு ஓரத்தை மழுக்காமலே விட்டிருக்கிறான் என்று திட்டித் திட்டியே எல்லாவற்றையும் மாட்டி முடித்தான். பொண்ணு பார்க்க வந்தப்பகூட என்னை இம்புட்டு நேரம் பார்க்கவில்லையே என்று ரோகிணி கேலி செய்தாள்.

காலையில் மூடியைத் திருகி, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க ஓடவிட்டான்.

"குளிச்சிட்டு வாரேன். அதுவரைக்கும் தெறக்காத, நிப்பாட்டாத."

குளியலறையிலிருந்து அவனைத் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். இந்த வயதில் மாரடைப்பாம். அந்தச் சாமிக்குக் கண் இருந்தால்தானே!

கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் ஓடியது. உள்ளே சூடேறினால் விசிறி வேகமெடுக்கும், பிறகு தணியும். யாரோ மூச்சு வாங்குவது போலவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ரோகிணி சட்டென்று திரும்பி, படுக்க வைத்திருந்த அவனைப் பார்த்தாள்.

முத்துக்குமரனின் அண்ணன் கருத்தக்கண்ணன் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"வெயில் ஏறுது தாயி. தங்கச்சி பெங்களூர்ல இருந்து வந்து மொகம் பாக்கணும்ல. அதுவரைக்கும் தம்பி தாங்கணும்."

"வாரேன்னு சொல்லிட்டுப் போனாரு மாமா."

அவர் பிளக்கைத் தொடாமலே நிமிர்ந்துவிட்டார்.

அவனை ஐஸ் பெட்டிக்குள் இறக்கினார்கள். நல்ல உயரம் அவன். பாதம் கண்ணாடியில் முட்டியது. ரோகிணியின் கண் தன்னால் அந்தப் பெட்டியை அளந்தது. காலுக்கு இடம் விடவில்லை. காற்றுவழி தலைமாட்டில் மட்டும்தான். இதெல்லாம் ஒரு பெட்டியா என்று கேட்டிருப்பான்.

எழுந்து கிட்டே போனாள். துணியால் சேர்த்துக் கட்டியிருந்த கைக் கட்டைவிரல்களுக்கு மேலே, வலது கை விரல் முட்டியில் ஒரு கீறல். புதுசு. கேபினட் ஓரம் கிழித்திருக்கிறது. மஞ்சள் வைத்து விட்டிருப்பாளே, சொல்லவே இல்லையே பாவி. அந்தக் கேபினட் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

திரும்பி வந்து திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தாள். உள்ளே ஒயர்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது அவளுடைய பச்சை ரப்பர் பேண்ட். நேற்று ராத்திரி தலைமுடி கட்ட வீடெல்லாம் தேடியது. கூடவே வந்து அவனும் சேர்ந்து தேடினான், திருட்டுப்பயல்.

"பிளக்க நானே பிடுங்குறேன் மாமா."

விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. கூடத்தில் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ரோகிணி போர்டுக்குப் பின்னால் கையை விட்டாள். அவன் விரல் போகாத இடத்தில் அவள் விரல்கள் போயின. உள்ளே இன்னும் சூடு இருந்தது.

"எடுத்துரு தாயி, கையக் கிழிச்சிரும்" என்றார் கருத்தக்கண்ணன்.

அது ஆறுகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.