மோகனாவுக்கு எத்தனை எல்?

போர்டிக்சன் சாலையிலிருந்து எஸ்டேட்டுக்குள் திரும்பும் முனையில் மோகனாவின் முகம் பேனர் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே கொட்டை எழுத்தில், "எங்கள் எஸ்டேட்டின் முதல் சட்டப் பட்டதாரி, மோகனா மாயாண்டி, எல்.பி."

மோட்டார் சைக்கிளை நிறுத்திய மோகனாவுக்குப் பகீரென்றது. எல்எல்.பி.யில் ஓர் 'எல்'லைக் காணோம்.

பேனரைக் கட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கிய யோகேந்திரன், அவள் அம்மாவின் தம்பி. பெருமையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாந்தான் ஒரு எல்ல எடுக்கச் சொன்னேன். அம்பாங்கான் பேனர் கடைக்காரப் பொண்ணு கவனமில்லாம ரெண்டு தடவ தட்டிருச்சு."

"அதுதான் சரி மாமா!"

"எப்படிலா சரி? எஸ்.பி.எம். பரீட்சைய எடுத்துக்க. சிஜில், பெலாஜாரான், மலேசியா. ஒரு வார்த்தைக்கு ஒரு எழுத்து. சட்டத்துக்கு மட்டும் ரெண்டா?"

மோகனா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அது லத்தீன் மாமா. எல்லுன்னா லேகும், 'சட்டங்களோட'ன்னு அர்த்தம். ஒன்னு இல்ல, பல. பன்மையா இருந்தா அதே எழுத்த ரெண்டா போடுவாங்க."

"ஒரு சட்டம் படிச்சவனுக்கு ஒரு எல்லா?"

"ஒரே ஒரு சட்டத்த எவன் படிப்பான்?"

பசாரில் காய்கறி வாங்கிய பையோடு போன பக்கத்து வீட்டுப் பஞ்சாலை அத்தை நின்றுவிட்டாள். "எம்.பி.பி.எஸ்.லயும் ரெண்டு பி வருதே. பல டாக்டரா?"

"ஐயோ, அது வேற அத்தை! அங்க பட்டமே ரெண்டு. மருத்துவத்துக்கு ஒன்னு, ஆப்பரேஷனுக்கு ஒன்னு."

"ஒவ்வொன்னுக்கும் ஒரு கணக்கா? என்ன படிப்போ!" பஞ்சாலை நடையைக் கட்டினாள்.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "தப்பா போட்டா உன்னப் பாத்து நாலு பேரு சிரிப்பாங்கன்னுதான் பிள்ள எடுத்தேன்."

அதைக் கேட்டதும் அவளால் மேற்கொண்டு கத்த முடியவில்லை. எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. ஓரமாக நின்ற மாமாவின் லோரியிலிருந்து கறுப்பு டேப்பைத் தேடி எடுத்துக்கொடுத்து, ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மாமா மேலே ஏறி, அச்சிட்ட எல்லுக்கு முன்னால் இன்னோர் எல் ஒட்டினார். அது கொஞ்சம் சாய்ந்து, மற்ற எழுத்துகளைவிட ஒரு சாண் உயரமாக நின்றது. பரவாயில்லை. மாமா டேப்பில் இன்னொரு துண்டு கிழித்தார்.

"புள்ளி வேணாம் மாமா! ரெண்டு எல்லும் ஒரே வார்த்தைக்கு, நடுவுல புள்ளி வராது!"

"எல்லா எழுத்துக்கும் புள்ளி உண்டுலா." அழுத்தி ஒட்டிவிட்டார்.

மோகனா ஏணியில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

"இருக்கட்டும் மாமா. விழுந்துறாம இறங்குங்க."