டெய்லர் வரைந்த முழங்கை

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குப் படத்தைப் போட்டார். ஐந்தே காலுக்குள் டெய்லர் நான்கு தடவை கடைக்கும் வீட்டுக்குமாக நடந்துவிட்டார். கடை எங்கள் கட்டடத்தின் கீழே இருக்கிறது. வீடு முதல் மாடியில், எனக்கு எதிர்வீடு. நடுவில் பதினெட்டுப் படி. ஏறும்போது வலது கையில் போன், இறங்கும்போது இடது கையில் அதே போன். துணி காயப்போடுகிற சாக்கில் நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காயப்போட வேண்டியதெல்லாம் மதியமே காய்ந்து மடித்தாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, யாராவது துரத்துறாங்களா?"

"படம் போட்டிருக்கேன்."

"போட்டா போட்டதுதான். குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் சுத்துறீங்க?"

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 'கோடும் கோணலும்' என்று போனில் ஒரு குழு. படம் வரைகிறவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். யாரும் சொந்தப் பெயரில் இல்லை. அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. படத்தைப் போட்டவர் ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் பாராட்டலாம், திட்டலாம், படத்தின் மேலேயே சிவப்புக் கோடு இழுத்துத் திருத்திக் காட்டலாம். மறுநாள் அதே நேரத்துக்குப் போட்டவர் ஒரே ஒரு பதில் சொல்ல வேண்டும். தப்பு என்றால் ஒப்புக்கொண்டு திருத்திப் போட வேண்டும். தப்பில்லை என்றால் சாட்சி வைக்க வேண்டும்: எதைப் பார்த்து வரைந்தாரோ அந்தப் போட்டோ, அல்லது வீடியோ.

நானும் அதில் இருக்கிறேன். ஒரு தடவை ஜாடி ஒன்றை வரைந்து போட்டேன். "பூசணிக்காய் தத்ரூபம்" என்று பாராட்டினார்கள். அதிலிருந்து வேடிக்கை பார்ப்பதோடு சரி. பின்னால் இருக்கிற மைதானத்தில் பயிற்சி கொடுக்கிற கோச்சின் வீட்டம்மாவை அதில் சேர்த்துவிட்டதும் நான்தான். அந்தப் புண்ணியத்தை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

டெய்லர் இதுவரை போட்டதெல்லாம் தையல் மிஷின், கத்தரிக்கோல், சட்டை மாட்டிய ஹேங்கர். நான்கு பேர் இதயம் போடுவார்கள். அதில் ஒன்று நான், தெரிந்தவர் என்கிற தாட்சண்யத்துக்காக. இந்தப் படம் அப்படி இல்லை. அளவு வெட்டுகிற பழுப்புத் தாளில், துணியில் குறி போடுகிற சாக்கட்டியாலும் கரியாலும் இழுத்திருந்தார். ஈட்டி எறிகிற ஒரு பெண். முகத்தில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. இறுகிய தாடை மட்டும். முன்கால் தரையில் ஊன்றியிருந்தது, பின்கால் முறுக்கின கயிறு மாதிரி இழுபட்டிருந்தது. பார்க்கிற எனக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பெண் யார் என்று கட்டடத்தில் கேட்கவே வேண்டாம். டெய்லரின் மச்சினி. நாங்கள் 'ஈட்டி' என்றுதான் கூப்பிடுவோம். இருபத்து மூன்று வயது. அக்கா வீட்டில் தங்கி, பின்னால் உள்ள மைதானத்தில் பயிற்சி. பெரிய அணிக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் முதல் பட்டியலில் இருப்பாள், கடைசிப் பட்டியலில் காணாமல் போவாள். இப்படியே நான்கு வருஷம். இந்த வருஷத் தேர்வு அந்தச் சனிக்கிழமை. "இந்தத் தடவை உன்னை விட்டா ஆள் இல்ல" என்று கோச்சே சொல்லியிருந்தார்.

ஏழு மணிக்குள் படத்துக்கு அறுபத்தெட்டு இதயம். டெய்லர் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். ஏழு பத்துக்கு 'சிவப்பு மை' வந்தார். குழுவிலேயே பெரிய தலைக்கட்டு அவர். எந்தப் படமும் அவர் கையில் அடிபடாமல் போனதில்லை.

"முகமே இல்லாம வேகம் தெரியுது, சபாஷ். ஆனா முழங்கையை ஏன் சார் தொங்கவிட்டீங்க? எறியிற கை முழங்கை காதுகிட்ட வரணும். உங்க ஆளு தோளுக்குக் கீழே வெச்சிருக்கு. இப்படி எறிஞ்சா ஈட்டி பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலதான் விழும்."

கூடவே, முழங்கையை உயர்த்திச் சிவப்பில் ஒரு கோடு. அவ்வளவுதான், ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். "ஆமா, நானும் நினைச்சேன்." "தோள் தப்பு." "உடம்பு சரி, கை வேற யாரோடதோ." முதலில் இதயம் போட்டவர்கள்கூட வந்து ஆமாம் போட்டார்கள்.

டெய்லருக்கு வாய்ப்பூட்டு. ஒரு நாள் முழுக்கப் பேசக் கூடாதே! வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி ஊழியர் சட்டை ஒன்றுக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டார். அதைப் பிரிக்கும்போது ஊசி குத்தி, விரலை வாயில் வைத்துக்கொண்டே போனைப் பார்த்தார்.

"இருபது தடவை வரைஞ்சேங்க," என்றார் என்னிடம். நான் ரவிக்கைக்குக் கொக்கி வைக்கக் கொடுத்திருந்ததை வாங்கப் போயிருந்தேன். "காலைல ஆறு மணிக்கு அது தனியா எறியும். ஓரமா உக்காந்து வரைஞ்சேன். வீடியோவும் எடுத்து வெச்சுப் பாத்தேன். இருபதுலயும் முழங்கை கீழதான் இருந்துச்சு. நாள் பூரா தோளும் கையும் அளவெடுக்கிறவன் நான். எனக்கா தெரியாது?"

"கோச் பாத்திருப்பாரே?"

"அவர் ஏழரைக்குத்தான் வருவார். நாப்பது பொண்ணுங்க. இவ முறை வந்தா மூணு எறி."

அப்போது ஈட்டி அவருக்கு மதியச் சாப்பாட்டு டப்பாவோடு படியிறங்கி வந்தாள். இடது கையில் டப்பா. டெய்லர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார்.

"கொஞ்சம் நில்லு. கையைத் தூக்கு."

"எதுக்கு மாமா? ஜெர்சி அளவு போன மாசம்தானே எடுத்தீங்க?"

"தூக்கும்மா."

இடது கை காதை ஒட்டி எழும்பியது. இடுப்பிலிருந்து முழங்கை வரை டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப வலது," என்றார். வலது கை தோள் மட்டம் வரை வந்தது. அதற்கு மேல் கை வரவில்லை, உடம்புதான் சாய்ந்தது.

"இன்னும் தூக்கு."

"என் கை இவ்வளவுதான் மாமா."

"அந்தக் கையைவிட இந்தக் கை ஏழு அங்குலம் கம்மியா?"

சொல்லிக்கொண்டே முழங்கையை லேசாக மேலே தள்ளினார். அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'அம்மா' என்று ஆரம்பித்ததைப் பாதியிலேயே கடித்துவிட்டாள். டப்பா மட்டும் கீழே விழுந்து உருண்டது. டெய்லர் டேப்பை விட்டுவிட்டார்.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம். அக்காகிட்ட சொல்லாதீங்க."

"மாத்திரை போடறியா? அவ கடையில வாங்கினா அவளுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"மூணு தெரு தள்ளி, பச்சை போர்டு கடையில வாங்குது," என்றேன்.

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதுவரை நான் அங்கே நிற்பதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. நான் என் ரவிக்கைக் கொக்கியை ஆராய ஆரம்பித்தேன்.

"சனிக்கிழமை ஆறு எறி மாமா. ஆறே ஆறு. அப்புறம் ஆறு மாசம் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டேன், போதுமா?"

"ஆறாவது எறியில கையும் சேர்ந்து போயிடுச்சுன்னா?"

"போனா ஓடிப்போய் எடுத்துட்டு வரேன். தூரம் அளக்கிறவங்க அதையும் சேர்த்து அளக்கட்டும்."

டெய்லர் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் போனும் என் போனும் ஒன்றாகச் சிணுங்கின. கோச் வீட்டம்மா எழுதியிருந்தார்: "எங்க வீட்டுக்காரர்கிட்ட படத்தைக் காட்டினேன். 'நம்ம பொண்ணு இப்படி எறியவே மாட்டா, வரைஞ்சவருக்கு விளையாட்டு தெரியல'ன்னுட்டார். தப்பா எடுத்துக்காதீங்க டெய்லர் சார்."

ஈட்டி எட்டிப் படித்தாள். முகத்தில் வெளிச்சம் வந்தது.

"பாத்தீங்களா, அவரே படம்தான் தப்புன்னு சொல்லிட்டார். நீங்களும் ஆமான்னுடுங்க. வீடியோ மட்டும் போடாதீங்க மாமா. அவர் பாத்தார்னா உடனே என் பேரை அடிச்சிடுவார்."

"நான் தப்பா வரையல."

"எனக்குத் தெரியும்."

"ஊரே சிரிக்குது."

"எனக்குத் தெரியும் மாமா. கையெடுத்துக் கும்பிடறேன்." கும்பிட இடது கையை மட்டும் தூக்கினாள். பிறகு உருண்ட டப்பாவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

சொன்னால் சனிக்கிழமை போயிற்று. சொல்லாவிட்டால் கை போனாலும் போகலாம். இரண்டுக்கும் நடுவில் டெய்லருடைய படம். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அந்த நிமிஷமே வீடியோவைப் போட்டு, சிவப்பு மையை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன். அதனால்தான் ஆண்டவன் என்னை அவர் இடத்தில் வைக்கவில்லை போலிருக்கிறது.

மத்தியானம் முழுக்க மிஷின் ஓடவில்லை. நாலரைக்கு இன்னொரு பழுப்புத் தாளை விரித்து, அதே படத்தைச் சிவப்பு மை சொன்னபடி முழங்கையை உயர்த்தி வரைந்தார். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பரிசுக் கோப்பையின் மேலே நிற்கிற பொம்மை மாதிரி.

ஐந்து மணி. குழுவில் எல்லோரும் காத்திருந்தார்கள். போனில் 'டெய்லர் எழுதுகிறார்' என்று வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது. அடுப்பில் பால் வைத்திருந்ததை மறந்து நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. துணியை எடுக்கப் போய்வருவதற்குள் பதில் வந்துவிட்டது.

"தப்பு என்னுடையதுதான். முழங்கையைச் சரிசெய்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி."

நூற்றுப் பத்து இதயம்! "பெருந்தன்மை" என்றார்கள். "திருத்திக்கொள்கிறவனே கலைஞன்" என்று சிவப்பு மை மாலை போடாத குறை. கோச் வீட்டம்மா, "எங்க வீட்டுக்காரர் பிரிண்ட் போட்டு மைதானத்துல ஒட்டப் போறார்," என்று எழுதினார். டெய்லர் போனைத் துணிக் குவியலுக்கு அடியில் செருகிவிட்டு, காலையில் பிரித்த ஆஸ்பத்திரி சட்டையை எடுத்தார். அன்று நான் எதிரே போய் நின்றும் அவர் தலையைத் தூக்கவில்லை. நானும் அதிசயமாக வாயைத் திறக்கவில்லை. சொல்வதென்றால் கோச் வீட்டம்மாவுக்கு ஒரு போன் போட எத்தனை நேரம் ஆகும்? மூன்று தடவை போனை எடுத்தேன், மூன்று தடவையும் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே ஈட்டி திரும்பி வந்தாள். வழக்கமாகப் பன்னிரண்டு ஆகும். வலது கை கழுத்திலிருந்து ஒரு பட்டையில் தொங்கியது. மாடிக்கு வராமல் நேரே கடைக்குள் போனாள். எனக்கு அந்த நேரத்தில் நூல்கண்டு ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது.

டெய்லர் எழுந்து நின்றார். "என்னாச்சு? விழுந்தியா?"

"சொல்லிட்டேன் மாமா."

"யார்கிட்ட?"

"கோச்கிட்ட. காலைல போனேன். உங்க படம் ஷெட்டு சுவத்துல, இவ்ளோ பெருசா. பொடிசுங்களை எல்லாம் வரிசையா நிக்க வெச்சு, 'அக்கா கையைப் பாருங்க, இப்படித்தான் வரணும்'னு பாடம் எடுத்துட்டிருந்தார். என்னைப் பாத்ததும், 'வா, படத்துல இருக்கிற மாதிரியே ஒண்ணு எறிஞ்சு காட்டு'ன்னார்." மூச்சு வாங்கினாள். "நாப்பது பேரும் என் முழங்கையையே பாக்கறாங்க. ஈட்டியைத் தூக்கினேன். அந்த இடத்துக்கு வரல. இன்னொரு தடவை தூக்கினேன். ஒரு குட்டி, 'அக்கா, இன்னும் மேல'ங்குது."

"அதுக்கு?"

"கீழ வெச்சுட்டேன். அந்தக் கை என்னோடது இல்ல சார், மாமா எனக்காகப் பொய்யா வரைஞ்சு கொடுத்ததுன்னேன்."

டெய்லர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"திட்டினாரா?"

"திட்டியிருந்தாப் பரவாயில்ல. ஒண்ணும் பேசாம ஆட்டோவில ஏத்தி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். தோள்ல தசை பாதி கிழிஞ்சிருக்காம். ஆபரேஷன் வேண்டியிருக்காது, நாலு மாசம் சும்மா இருக்கணும்னார். நாளைக்கு எறிஞ்சிருந்தா மிச்சப் பாதியும் போயிருக்குமாம்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "என் இடத்துல அந்த ரெட்டைப் பின்னலை அனுப்பறாங்க. அவளுக்கு ஓடவே வராது மாமா, வாத்து மாதிரி வருவா."

"வருவா, வருவா," என்றார் டெய்லர். வேறு என்ன சொல்வார் பாவம்.

"நீங்க இப்ப வீடியோவைப் போட்டுக்கலாம். உங்க படம்தான் சரின்னு எல்லாரும் பாக்கட்டும்."

அவர் பார்வை துணிக் குவியலுக்கு அடியில் இருந்த போனிடம் போனதை நான் பார்த்தேன். போய்விட்டுத் திரும்பியது. "இருக்கட்டும்," என்றார். "சிவப்பு மை எங்க ஓடிடப் போறார்?"

ஈட்டி பையிலிருந்து மைதானத்து அணியின் ஜாக்கெட்டை இடது கையால் இழுத்து மேஜையில் போட்டாள். டெய்லரே தைத்தது. நீலத்தில் வெள்ளைக் கோடு.

"நாளைக்கு நானும் போறேன். வேடிக்கை பாக்க. இந்தக் கட்டு மேல இது ஏறல. வலது கையை எடுத்துடுங்க."

டெய்லர் ஜாக்கெட்டைத் திருப்பி, தோள் தையலில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். பழக்க தோஷத்தில் கை பெரிய கத்தரிக்கோல் பக்கம் போனது.

"வெட்டாதீங்க மாமா," என்றாள் ஈட்டி. "நூலைப் பிரிங்க. நாலு மாசத்துல திரும்ப வைக்கணும்."

அவர் கத்தரிக்கோலை விட்டுவிட்டுப் பிரிக்கிற ஊசியை எடுத்தார். முதல் நூல் வரவில்லை. அவ்வளவு கெட்டியாகத் தைத்து வைத்திருந்தார் மனுஷன்.