அமுக்கவும்

மவுஸுக்குக் கருமாதி முடிந்துவிட்டது என்பான் அஸ்வின். தீவின் மீன்பிடித் துறையான ஜங்லிகாட்டில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து அவனும் ஆக்சிலியாவும் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறார்கள். புதிய இயங்குதளத்தோடு டேப்லெட்டுகள் வந்திறங்கியதும் இருவரும் அரிச்சுவடியிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. இனி அம்புக்குறி கிடையாது, விரல்தான். விரலுக்கேற்றபடி பொத்தான் பெரிதாக வேண்டும். வலது கிளிக்குக்குப் பதில், விரலை எடுக்காமல் வைத்திருந்தால் போதும். ஆக்சிலியாவுக்கு ஒரே குஷி. ஏன், எப்படி என்று எதையாவது குடையாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

முதல் வேலை ஜெயராணியின் ஐஸ் கம்பெனிக்கு. படகுக்காரர்கள் வாசலில் மாட்டியிருக்கும் டேப்லெட்டில் படகின் பெயரைப் பார்த்துப் பொத்தானைத் தொட்டால் ஐஸ் ஆர்டர் பதிவாகும். பழைய கணினியில் ஆர்டரை ரத்து செய்ய வலது கிளிக். இங்கே அதே பொத்தானில் விரலை நீட்டிப் பிடித்தால் ரத்து. கனகச்சிதம் என்று இருவருக்கும் பெருமை வேறு.

வினை வந்தது ஆக்சிலியாவின் வீட்டுக்குள்ளேதான். அவள் புருஷன் லாரன்ஸ் சொந்தப் படகில், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகிறவன். அவன் போட்ட ஆர்டர் பதிவாகவே இல்லை. கிடைத்த கொஞ்சம் ஐஸோடு கடலுக்குப் போனவன், பிடித்த சூரை மீனில் பாதியை அழுகிப்போய்க் கொட்டினான். மறந்துவிட்டு மெஷின்மேல் பழி போடுகிறான், அதுவும் பெண்டாட்டி செய்த மெஷின்மேல் என்று ஜெயராணி எல்லார் முன்னாலும் சிரித்தாள். அதையாவது பொறுத்திருப்பான். வீட்டுக்கு வந்தால் ஆக்சிலியாவும் சொன்னாள்:

“மெஷின் பொய் சொல்லாதுங்க.”

அன்றிலிருந்து லாரன்ஸ் அவளோடு பேசவில்லை.

அஸ்வின் வரிவரியாகப் பார்த்தான், பிழை இல்லை. ஆக்சிலியா எத்தனை முறை தொட்டாலும் ஆர்டர் விழுந்தது. மற்ற படகுக்காரர்கள் தொட்டாலும் விழுந்தது. அப்படியானால் இவருக்கு மட்டும் ஏன்? அட, நம் விரலை வைத்தே சோதித்து என்ன புண்ணியம் என்று ஆக்சிலியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. டேப்லெட் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புருஷன் முன்னால் வைத்து, ஒரு ஆர்டர் போட்டுக் காட்டச் சொன்னாள்.

லாரன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலைப் பொத்தானில் வைத்தான். எடுக்கவில்லை. படகில் ஓட்டையை அடைக்கிறவன் போல அழுத்திக்கொண்டே இருந்தான். விரலோரத்தில் பச்சை டிக் வந்தது, கொஞ்சம் நின்றது, போய்விட்டது; விழுந்த ஆர்டர் ரத்து. பக்கத்திலிருந்து பார்த்த அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கு அவன் விரலே மறைத்தது.

ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள்.

“அமுக்கவும்னுதானே எழுதியிருக்கு? இந்தியிலயும் தபாயியேன்னு போட்டிருக்கு. அமுக்குன்னா அமுக்க வேண்டாமா?”

எழுதியவள் அவள்தான். இந்தியில் அந்தச் சொல் சரியாகத்தான் இருந்தது. அதை அப்படியே தமிழாக்கிப் போட்டிருந்தாள். மற்றவர்கள் எழுத்தைப் பார்க்காமல் ஃபோன் பழக்கத்தில் தட்டிவிட்டுப் போனார்கள். ஒழுங்காகப் படித்து, சொன்னபடி செய்த ஒரே ஆளைப் பொய்யனாக்கியிருக்கிறாளே, பாவி! கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நொடிதான்.

மடமடவென்று சொன்னாள். இனி ‘தட்டவும்’ என்று போட்டுவிடலாம், ரத்துக்குத் தனிப் பொத்தான் வைக்கலாம், கேட்டுவிட்டுத்தான் அழிக்கும், நாளைக்கே சரியாகிவிடும். லாரன்ஸ் முழுவதையும் கேட்டான்.

“மெஷினைச் சரி பண்ணிருவ. இத்தனை வருஷம் கூட இருக்கவன் பேச்சை விட்டுட்டு அது பேச்சை நம்புனியே, அதுக்கு என்ன பண்ணுவ?”

அவள் டேப்லெட்டை அணைத்துப் பைக்குள் வைத்தாள்.

காலையில் அவனுக்கு முன்னாலேயே ஐஸ் கம்பெனிக்குப் போய் நின்றாள். படகுக்காரர்கள் கூடியிருந்தார்கள். பின்னாலேயே லாரன்ஸ் வந்ததும், புருஷனுக்குப் பாடம் நடத்தியாயிற்றா என்று ஜெயராணி கிண்டலாகக் கேட்டாள்.

“தப்பு நான் எழுதுனதுலக்கா. அவர் ஆர்டர் போட்டார். நான்தான் நம்பல.”

சத்தமாகத்தான் சொன்னாள். ஜெயராணி சட்டென்று உள்ளே போனாள். ஆக்சிலியா வெளியே வந்து ஆட்டோவுக்காக ரோட்டோரம் நின்றாள். கண் நிறைந்திருந்ததில் வந்த ஆட்டோவையும் விட்டுவிட்டாள்.

ஸ்கூட்டர் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

“ஏறு,” என்றான் லாரன்ஸ். “ஆபீஸ்ல விடுறேன்.”