வெடி மெக்கானிக் வீட்டு பிரஷர்

எங்கள் அப்பாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வெடி மெக்கானிக் என்றால்தான் தெரியும். வீட்டுக்கு எதிர்ப்புறமே பட்டறை. டீசல் என்ஜின், பம்ப்செட், டிராக்டர் என்று ஏதாவது ஒன்று வயிறு திறந்து கிடக்கும். அதற்குள் கையை விட்டபடியே அப்பா சத்தம் போடுவார். எண்ணெய் மாற்றாமல் ஓட்டினவரைத் திட்டுவார், மாற்றினாலும் மட்டமான எண்ணெய் ஊற்றினவரைத் திட்டுவார், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் ஒரு பங்கு உண்டு. திட்டு வாங்கியவர் யாரும் வேறு பட்டறைக்குப் போனதில்லை. அண்ணன் வாயால் நாலு வாங்கினால்தான் என்ஜின் ஓடும் என்று சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

கத்தும்போது அவர் கழுத்து நரம்பு கயிறு போலப் புடைக்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: இந்த மனுஷனுக்கு பிரஷர் எக்கச்சக்கமாக இருக்கும், என்றைக்காவது பட்டென்று சாய்ந்துவிடுவார். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

அம்மா வெங்காயக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தாள். சாக்குமூட்டைகளுக்கு நடுவே குனிந்தபடி பகலெல்லாம் அழுகலைத் தனியே பொறுக்கிவிட்டு, சாயங்காலம் வந்து அடுப்பை மூட்டுவாள். அவள் குரல் பக்கத்து அறைக்குக் கூடக் கேட்காது. சமைத்ததும் அப்பாவின் பங்கை உப்புக் குறைவாக எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு உப்புச் சேர்ப்பாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு போடுகிறாள் என்று அப்பா அதற்கும் சத்தம் போடுவார். கடைசியாகச் சாப்பிட உட்காரும் அம்மா, தன் தட்டில் மட்டும் இன்னும் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிக்கொள்வாள். வேர்வை சிந்துகிற உடம்புக்கு உப்பு வேண்டும் என்பாள். அவள் உப்பை நாங்கள் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தபோது, சுகாதார நர்ஸ் ஒருவர் பிரஷர் பார்க்கும் கருவியோடு வந்து எங்கள் பள்ளிக்கூடக் கூடத்தில் உட்கார்ந்தார். பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிட்டார்கள், நோய் இருப்பது தெரியாத வரைக்கும்தான் நிம்மதி என்று. அப்பாவும் வர மறுத்தார். அம்மா வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவர் கையைப் பிடித்து இழுத்ததைப் பார்த்தேன். "சரி வரேன். ஆனா உனக்கும் பாக்கணும். அப்பதான் உக்காருவேன்" என்று அப்பா பிடிவாதம் பிடித்தார்.

அப்பா கையில் பட்டையைச் சுற்றியபோது கூடமே எட்டிப் பார்த்தது. நர்ஸ் காற்றை இறக்கிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, போகலாம் என்றார். அப்பா ஊரையே ஜெயித்தவர் மாதிரி எழுந்து நின்றார்.

அடுத்து அம்மா. நர்ஸ் பார்த்தார். கொஞ்ச நேரம் உட்கார வைத்து, இன்னொரு கையில் பார்த்தார். பிறகு அப்பாவை அருகில் அழைத்து, மேல் அளவு இருநூறைத் தொடுகிறது, இன்றைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றார். கருவி கெட்டிருக்கும் என்று அப்பா ஆரம்பித்தார். நர்ஸ் அம்மாவின் முகத்தைப் பார்த்து, அடிக்கடி தலை வலிக்குமா என்று கேட்டார். அது வெங்காய நெடியால் வருவது, வருஷக்கணக்காக இருக்கிறதுதான் என்றாள் அம்மா.

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். "தலை வலிக்குதுன்னு நீ ஒரு நாளும் சொன்னதில்லையே."

"நீங்க பேசிட்டே இருப்பீங்க. நடுவுல நான் எங்க சொல்றது?" என்றாள் அம்மா. குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் அப்பாவை உலுக்கிவிட்டது.

சத்தம் போடுகிறவருக்குத்தான் பிரஷர் இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, இது வாயை மூடிக்கொண்டே வருகிற வியாதி என்றார் டவுன் டாக்டர். மாத்திரை கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சட்டி, ஒரே உப்பு. அப்பா மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டார். பட்டறையிலும் சத்தம் நின்றுபோனது. அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று டிராக்டர்காரர்கள் என்னிடம் வந்து கேட்டார்கள்.

மழைக்காலம் தொடங்கும்போது அம்மாவுக்குத் தலைவலி போய்விட்டது. வலி போன பிறகு மாத்திரை எதற்கு என்று அவளாகவே நிறுத்திவிட்டாள். கிடங்கில் அவளோடு வேலை பார்த்தவர்களும் அப்படித்தான் செய்தார்களாம். எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் மத்தியானம் கிடங்கிலிருந்து ஆள் ஓடிவந்தது. அம்மாவுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம், கையில் பிடித்த கூடை தானாக நழுவிவிட்டதாம். பட்டறையில் யாருடைய ஜீப்போ நின்றிருந்தது. அப்பா அதில் கிடங்குக்குப் போய், அம்மாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போன வேகத்தை அந்த ஜீப் அதற்கு முன் கண்டிருக்காது. வழி முழுக்க அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் பின்னால் அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தேன்.

சீக்கிரம் கொண்டுவந்ததால் அம்மா பிழைத்தாள். பேச்சு மெல்லத் திரும்பியது. இடது கை விரல்கள் மட்டும் முழுதாக மடங்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுவாரம், காலையில் அவள் வாசலில் காய் நறுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். எதிரே என்ஜினுக்கு அடியில் படுத்திருந்த அப்பா, தெருவே அதிரக் கத்தினார்: "மாத்திரை போட்டாச்சா?"

அம்மா சிரித்துவிட்டாள். கோணிய வாயோடு சிரித்தாள். "அப்பாடா, வீடு வீடா ஆச்சு" என்றாள் என்னிடம்.

பிறகு அது தினசரி வழக்கமானது. அப்பாவின் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுத் தையல்காரி தன் பிரஷர் மாத்திரை டப்பாவைத் தேடுவாள். மூலை வீட்டு பஸ் டிரைவர், கிடங்கில் அம்மாவோடு இருந்த அக்காக்கள், எல்லாரும் அந்த நேரத்தில்தான் மாத்திரை போட்டார்கள். பதில் வராத வீட்டுக்கு இரண்டாவது சத்தம் போகும். தையல்காரி பதிலுக்கு, "போட்டாச்சு, காது கிழியுது" என்பாள். ஒருநாள் அப்பா காய்ச்சலில் படுத்தபோது, தெருவில் பாதிப் பேர் மாத்திரையை மறந்துவிட்டு, சாயங்காலம் அவரை நலம் விசாரிக்க வந்து அசடு வழிந்தார்கள். காய்ச்சலோடும் அவர்களைத் திட்டித் தீர்த்தார்.

நான் கல்யாணமாகி டவுனுக்குப் போன பிறகு, ஒரு கோடைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். சுகாதார நிலையத்து நர்ஸிடம் போய்வந்த அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, அம்மாவின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். வயது ஏற ஏற அவருக்கும் பிரஷர் வந்திருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நக்கல் பண்ணுவாள் என்று காத்திருந்தேன். எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நடுவில் வைத்தாள், அவ்வளவுதான்.

இருவரும் இப்போது இல்லை. பட்டறை இருந்த இடத்தில் யாரோ செல்போன் கடை வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்தக் காலைகள்தான். அப்பா கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்து வருவார். மடங்காத விரல்களால் அம்மா அட்டையைப் பிடித்திருக்க, அவர் இரண்டு மாத்திரைகளைப் பிரித்து எடுப்பார். முதலில் அவள் சொம்புத் தண்ணீரைக் குடிப்பாள், மிச்சத்தை அவர் குடிப்பார். பிறகு அப்பா வாசலுக்கு வந்து, தெருவைப் பார்த்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பார்.