மூன்றாவது டிஸ்க்

பதிவாளர் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியும் முதுகு மட்டும் வளையவில்லை. அவர் கூடத்தில் உட்கார்ந்தால் சுவர்கூட இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும் என்று வீட்டில் கேலி பேசுவார்கள், அவர் காதில் விழாமல்.

அந்த ஞாயிறு காலை, நெட்வொர்க் வேலை பார்க்கும் தம்பி மகள் மாடியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியோடு இறங்கி வந்தாள்.

"பெரியப்பா, மாடி, கீழே எல்லார் போட்டோவும் இனிமே இந்த சர்வர்ல. மூணு டிஸ்க்கும் சேந்து ஒரே கிடங்கு. ஒண்ணு படுத்துட்டாலும் மத்த ரெண்டும் தாங்கிக்கும். ஆளுக்கொரு பாஸ்வேர்டு போட்டுத் தரவா?"

"ஒரே வீட்டுக்குள்ள பூட்டா? நம்ம குடும்பத்துல மறைக்க என்ன இருக்கு? இன்னொண்ணு, உள்ள போனதை யாரும் அழிக்கக் கூடாது."

"உத்தரவு மகாராஜா. மணிக்கொரு தடவை அதுவே நகல் எடுத்து வச்சுக்கும். அழிச்சாலும் திரும்பி வந்துடும்."

மூன்றாவது டிஸ்க் பதிவாளருடையது. அதில் இருப்பதை அந்தக் கிடங்குக்கு மாற்றி, துடைத்து, பிறகு அதையும் சேர்க்க வேண்டும். அவருடைய அப்பாவின் படங்கள் அது ஒன்றில்தான் இருந்தன. பழைய டிஸ்க், பாதியில் கரண்டு போனால் மறுபடி எழுந்திருக்காது என்று அவள் எச்சரித்திருந்தாள்.

திரையில் பெயர்கள் ஓடின. 'பழைய போன்' என்பதைக் கண்டதும், தன் பழைய போனில் இருந்ததை எல்லாம் இதில்தான் ஏற்றி வைத்தோம் என்று பதிவாளருக்கு நினைவு வந்தது.

மூன்று வருடத்துக்கு முன், அப்பாவின் கடைசி நாளில், மருத்துவமனையிலிருந்து தம்பி குரல் பதிவு அனுப்பியிருந்தான். பதிவாளர் அதைக் கேட்டார். கேட்டுவிட்டும், மேலதிகாரி முன்னால் எழுந்து போவது மரியாதையல்ல என்று அலுவலகக் கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை. சொந்தபந்தம் முழுக்க நிற்க, "எனக்கு யாரும் தகவலே சொல்லல" என்று சொல்லிவிட்டார். பழி தம்பி தலையில் விழுந்தது. அன்றிலிருந்து மாடியில் இருக்கும் தம்பிக்கும் கீழே இருக்கும் அவருக்கும் பேச்சில்லை.

நாற்பது சதவீதம்.

"போதும், நிறுத்தும்மா."

"ஏன் பெரியப்பா?"

"சும்மாதான், நீ பாரு" என்று பின்வாங்கினார். காலடியில்தான் பிளக் இருந்தது. பிடுங்கினால் அப்பாவின் முகமும் போய்விடும். பூட்டு கேட்கலாமென்றால், வேண்டாமென்று சொன்ன வாய் இன்னும் காயவில்லை.

"என்ன, முகம் இப்படி வெளுத்துப் போச்சு? பழைய காதல் கடிதம் ஏதாவது கிடக்கா?" என்றாள் மனைவி. அவர் சிரிக்கவில்லை.

எழுபது. தொண்ணூறு. நூறு.

"முடிஞ்சுது! தாத்தாவோட கடைசி நாள்ல என்னென்ன இருக்குன்னு தேடறேன்... ரெண்டு போட்டோ, ஒரு குரல் பதிவு. அட, இது எங்கப்பா அனுப்பினது..."

"தொடாதே!"

வீடே திடுக்கிட்டது. பதிவாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். எந்தப் பக்கமும் வழியில்லை.

"உங்கப்பாவைக் கூப்பிடு."

தம்பி இறங்கி வந்து கதவோரம் நின்றான். பதிவாளர் எழுந்தார்.

"அன்னைக்கு நீ அனுப்பினது எனக்கு வந்துச்சு. கேட்டேன்."

"தெரியும்ணே. நீங்க கேட்ட உடனே என் போன்ல அந்த மைக் அடையாளம் நீலமாச்சே."

"அப்புறம் ஏன்டா மூணு வருஷமா வாயைத் திறக்கல?"

"அத்தனை பேர் முன்னாடி உங்களைப் பொய்யன்னு சொல்றதா? அது நம்ம வீட்டு மானமும்தானே."

இந்த வீட்டின் மானத்துக்குத் தாம் ஒருவர்தான் காவல் என்று இத்தனை காலம் நெஞ்சை நிமிர்த்தியவருக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"பெரியப்பா, இது ஒண்ணுக்கு மட்டும் பாஸ்வேர்டு போட்டுடவா?" என்று மெதுவாகக் கேட்டாள் மகள்.

"வேண்டாம். சத்தமா வை."

மூன்று வருடத்துக்கு முந்தைய தம்பியின் குரல் எழுந்தது: "அண்ணே, அப்பா உங்களையே கேக்கறாரு. உடனே கிளம்புங்க..."

அது முடியும்வரை பதிவாளர் நின்றுகொண்டே கேட்டார்.